கலோரிச் செயலியில் அந்த எண்ணை எழுதியது யார்?

உணவுக் கணக்குப் போடும் செயலி எதிலாவது ‘சோறு, 100 கிராம்’ என்று தேடிப் பாருங்கள். 130 கலோரி என்று ஒரு பதிவு வரும். சற்றுக் கீழே 365 கலோரி என்று இன்னொன்று நிற்கும். நடுநடுவே ‘ஒரு கிண்ணம்’, ‘ஒரு தட்டு’ என்று எடையே தெரியாத பதிவுகள் நாலைந்து கிடக்கும். எது சரி?

முதல் இரண்டுமே சரி, வேடிக்கை அதுதான். 365 என்பது வேகாத வெள்ளை அரிசி 100 கிராமுக்கு. 130 என்பது வெந்த சோறு 100 கிராமுக்கு. அரிசி வேகும்போது தண்ணீரை இழுத்துக்கொண்டு ஏறக்குறைய மூன்று மடங்கு எடையாகிறது, கலோரி ஏறுவதில்லை. யாரோ ஒருவர் அரிசிப் பாக்கெட்டைப் பார்த்து அதில் அச்சிட்டிருந்த எண்களை அப்படியே தட்டச்சு செய்து, மேலே ‘சோறு’ என்று பெயர் வைத்துவிட்டார். எண்ணில் ஒரு தவறும் இல்லை, பெயர்தான் தவறு. இப்போது 300 கிராம் சோற்றைத் தராசில் வைத்து அளந்து சாப்பிடுகிறவர் அந்தப் பதிவைத் தொட்டால், 390 கலோரிக்குப் பதிலாக 1,095 கலோரி கணக்கில் ஏறும். வேகாத அரிசியை அளந்துவிட்டு வெந்த சோற்றுப் பதிவைத் தொடுகிறவருக்கு நேர் எதிராக, மூன்றில் ஒரு பங்குதான் ஏறும்.

இந்தச் செயலிகளில் பயனர்கள் போட்ட விவரங்களை நம்ப முடியாது என்ற புலம்பல் பழையது. ஆனால் பெரும்பாலும் பழி பயனரின் அலட்சியத்தின் மேல்தான் விழுகிறது. எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. எங்கிருந்து வந்தது, எந்த நிலையில் உள்ள உணவுக்கானது, எப்போது எழுதியது என்ற மூன்று விவரங்களையும் உதறிவிட்டு எண்ணை மட்டும் காட்டுகிற ஏற்பாட்டில்தான் கோளாறு அதிகம்.

ஆய்வகத்தில் ஆயிரம், செயலியில் கோடி

உணவின் கலோரி என்பது இன்றும் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க வேதியியலாளர் வில்பர் அட்வாட்டர் வகுத்த வழியில்தான் கணக்கிடப்படுகிறது. புரதம் கிராமுக்கு 4, மாவுச்சத்து 4, கொழுப்பு 9. அவர் உடன் ஆசிரியராக இருந்த உணவுப் பகுப்பாய்வு அட்டவணையை அமெரிக்க வேளாண் துறை 1896இல் வெளியிட்டது. அதன் வாரிசுகள்தான் இன்றைய அரசு அட்டவணைகள்.

அப்படி ஓர் அட்டவணைக்கு ஒரு வரி சேர்ப்பது சின்ன வேலை இல்லை. மாதிரிகளை வாங்கி, அரைத்து, ஈரப்பதம் பார்த்து, நைட்ரஜனை அளந்து அதிலிருந்து புரதத்தைக் கணித்து, கொழுப்பைப் பிரித்தெடுத்து, எரித்து மிஞ்சும் சாம்பலை நிறுத்துப் பார்க்க வேண்டும். இவை எல்லாவற்றையும் நூறிலிருந்து கழித்தால் மிஞ்சுவதை மாவுச்சத்து என்று எழுதுவது பழைய வழக்கம். தாது உப்புகள், வைட்டமின்களுக்குத் தனித்தனிச் சோதனை. அதனால்தான் அமெரிக்க வேளாண் துறை பல பத்தாண்டுகளாகத் திரட்டி 2018இல் இறுதி செய்த பட்டியலில் மொத்தம் 7,793 உணவுகளே இருக்கின்றன. 2019 முதல் அது ஃபுட்டேட்டா சென்ட்ரல் என்ற தளத்தின் ஒரு பகுதி.

கடை அலமாரியோ இந்த வேகத்துக்குக் காத்திருப்பதில்லை. புதுப் பிஸ்கட், புதுத் தயிர், பழைய தயிரின் புதுச் சுவை என்று ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். எந்த அரசுத் துறையாலும் இதைத் துரத்திப் பிடிக்க முடியாது. 2005இல் தொடங்கிய மைஃபிட்னஸ்பால் போன்ற செயலிகள் இந்த வேலையைப் பயனர்களிடமே விட்டன. உங்கள் கையில் இருக்கும் பாக்கெட் பட்டியலில் இல்லையா? நீங்களே சேருங்கள், அடுத்தவருக்கும் உதவும். தரவுத்தளம் கோடிக்கு மேல் வளர்ந்தது. 2015இல் அண்டர் ஆர்மர் நிறுவனம் 47.5 கோடி டாலர் கொடுத்து அந்தச் செயலியை வாங்கியபோது, இலட்சக்கணக்கானவர்கள் சம்பளமில்லாமல் தட்டச்சு செய்த அந்தப் பட்டியலும் சேர்ந்துதான் கைமாறியது.

இது உண்மையிலேயே பெரிய காரியம், மறுப்பதற்கில்லை. ஆனால் ஆய்வகத்திலிருந்து வந்த 7,793க்கும் அடுக்களையிலிருந்து வந்த கோடிக்கும் ஒரே எழுத்துரு, ஒரே கட்டம், ஒரே நிறம். திரையில் பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரிய வழியில்லை.

லேபிளைப் பார்த்து எழுதினாலும் தப்பும்

பார்கோடை ஸ்கேன் செய்தால் சரியான விவரம் வந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். கோடுகளுக்குள் ஊட்டச்சத்து விவரம் எதுவும் கிடையாது. பொதுவாக 13 இலக்கம் கொண்ட ஓர் எண்தான் இருக்கிறது. அந்த எண்ணுக்கு எதிரே யாரோ முன்பு எழுதி வைத்ததைத்தான் செயலி எடுத்துக் காட்டுகிறது. எழுதியவர் சரியாக எழுதியிருந்தாலும், அதற்குப் பிறகு தயாரிப்பாளர் சர்க்கரையைக் குறைத்திருக்கலாம், எண்ணெயை மாற்றியிருக்கலாம். பதிவு பழைய பாக்கெட்டோடு நின்றுவிடும். ஒரே பெயரில் ஒரே நிறக் காகிதத்தில் வரும் பொருள், நாட்டுக்கு நாடு வேறு கலவையாக இருப்பதும் உண்டு.

லேபிளைப் பார்த்து எழுதுவதிலேயே எத்தனை வளைவுகள் பாருங்கள். ஐரோப்பிய லேபிளில் எண்கள் 100 கிராமுக்கு அல்லது 100 மில்லிக்கு இருக்கும். அமெரிக்க லேபிளில் ஒரு பரிமாறும் அளவுக்கு. 40 கிராம் பாக்கெட்டை ஸ்கேன் செய்தவர் 100 கிராம் எண்ணை ‘ஒரு பாக்கெட்’ என்று போட்டுவிட்டால், இரண்டரை மடங்கு பிழை அந்த நொடியிலேயே பிறக்கிறது. ஐரோப்பிய லேபிளில் ஆற்றலின் இரு அலகுகளான கிலோஜூல், கிலோகலோரி (நாம் கலோரி என்பது இதைத்தான்) இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கிலோஜூல் எண்ணைக் கலோரிக் கட்டத்தில் போட்டால் நாலு மடங்குக்கு மேல் எகிறும். உப்பு என்று இருப்பதைச் சோடியம் கட்டத்தில் போட்டால் இரண்டரை மடங்கு. சூப் பொடியில் ‘தயாரித்த பின்’ என்று ஒரு பத்தி, ‘பொடியாக’ என்று இன்னொரு பத்தி.

இவற்றில் நாலு மடங்குப் பிழை எனக்குப் பெரிய கவலை தருவதில்லை. ஒரு பிஸ்கட்டுக்கு 1,046 கலோரி என்று திரையில் வந்தால் யாரும் சிரித்துவிட்டுத் தாண்டிப் போவார்கள். நம்பும்படியாக இருக்கிற பிழைதான் தங்கிவிடுகிறது.

அதற்கு நல்ல எடுத்துக்காட்டு நார்ச்சத்து. அமெரிக்க லேபிளில் மொத்த மாவுச்சத்து என்ற எண்ணுக்குள் நார்ச்சத்தும் அடக்கம். ஐரோப்பிய லேபிளில் மாவுச்சத்து என்றாலே நார்ச்சத்தைக் கழித்த பிறகு மிஞ்சுவது. செரிக்கும் மாவுச்சத்தை மட்டும் எண்ணுகிறவர்கள் மொத்தத்திலிருந்து நார்ச்சத்தைக் கழித்துக்கொள்வார்கள்; சில செயலிகள் தாமே கழித்துக் காட்டும். இப்போது ஐரோப்பிய பாக்கெட் ஒன்றில் மாவுச்சத்து 50 கிராம், நார்ச்சத்து 12 கிராம் என்று இருக்கிறது. ஒருவர் ஒரு எழுத்துப் பிழையும் இல்லாமல் இரண்டையும் ஏற்றிவிட்டார். செயலி 50இலிருந்து 12ஐக் கழித்து 38 என்கிறது. ஏற்கெனவே கழித்ததை மறுபடி கழித்தாயிற்று. 12 கிராம் காற்றோடு போய்விட்டது. பயனர் செய்த குற்றம் என்ன? ஒன்றுமில்லை. எந்த முறைப்படியான மாவுச்சத்து என்று கேட்க அந்தப் படிவத்தில் இடமே இல்லை.

லேபிளே கொஞ்சம் வழுக்கலானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க விதிப்படி ஒரு பரிமாறலில் 5 கலோரிக்குக் கீழே இருந்தால் சுழியம் என்று போடலாம். வாணலியில் தெளிக்கும் எண்ணெய் டப்பாவில் கலோரி சுழியம் என்று இருப்பது இதனால்தான். கால் விநாடித் தெளிப்பைப் பரிமாறும் அளவாக வைத்துக்கொண்டால் எந்த எண்ணெயும் சுழியமாகிவிடும். அந்தச் சுழியம் செயலிக்குள் போய், ‘10 பரிமாறல்’ என்று பத்தால் பெருக்கினாலும் சுழியமாகவே நிற்கும்.

காலியான கட்டம்

கலோரிப் பிழையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது யாரும் நிரப்பாமல் விட்ட கட்டங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி பாக்கெட்டில் கட்டாயம் இருக்க வேண்டியவை ஏழு: ஆற்றல், கொழுப்பு, நிறைவுற்ற கொழுப்பு, மாவுச்சத்து, சர்க்கரை, புரதம், உப்பு. பொட்டாசியம் அதில் இல்லை. பாஸ்பரஸ் இல்லை. இரும்புச்சத்தும் இல்லை. அந்த லேபிளைப் பார்த்துப் பதிவு போடுகிறவர் எவ்வளவு கவனமானவராக இருந்தாலும் பொட்டாசியம் கட்டத்தை நிரப்ப முடியாது, எண் அவரிடமே இல்லை. அமெரிக்காவில் 2016 விதிமாற்றத்துக்குப் பிறகுதான் பொட்டாசியம் கட்டாயப் பட்டியலில் சேர்ந்தது. பாஸ்பரஸ் அங்கும் கட்டாயமில்லை.

நிரப்பாத கட்டத்தைக் கூட்டும்போது செயலி என்ன செய்கிறது? சுழியம் என்று எடுத்துக்கொள்கிறது. ஒரு நாளில் ஏழு உணவு ஏற்றுகிறீர்கள். வாழைப்பழத்துக்கு அரசு அட்டவணையிலிருந்து வந்த பதிவு கிடைத்தது, 100 கிராமுக்கு 358 மில்லிகிராம் பொட்டாசியம். முட்டைக்கும் எண் இருந்தது. மற்ற ஐந்தும் பாக்கெட்டுகள், அவற்றுக்குப் பொட்டாசியம் இல்லை. இல்லை என்றால் உணவில் இல்லை என்று அர்த்தமில்லை, பதிவில் இல்லை. அவற்றில் ஒன்று உருளைக்கிழங்குக் கலவையாகக்கூட இருக்கலாம். நாளின் முடிவில் திரை அமைதியாக ஒரு மொத்தத்தைக் காட்டும். ‘குறைந்தது இவ்வளவு’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘இவ்வளவு’ என்று சொல்லும்.

ஆரோக்கியமாக இருப்பவர் இதைப் பார்த்துப் பொட்டாசியம் போதவில்லையே என்று மாத்திரை தேடுவார். சிறுநீரக நோயாளி இதைப் பார்த்து, நல்லவேளை அளவுக்குள்தான் இருக்கிறேன் என்று நினைப்பார். இரண்டாவதுதான் பயப்பட வேண்டியது. உடலிலிருந்து பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாதவருக்கு அது இதயத் துடிப்பையே குலைக்கும் விஷயம்.

நிரப்பிய கட்டங்களிலும் ஒரு பழைய பொறி உண்டு. அமெரிக்க லேபிள்களில் கால்சியம், இரும்பு போன்ற சத்துகள் நெடுங்காலம் தினசரித் தேவையில் இத்தனை சதவீதம் என்றே இருந்தன. பயனர்களும் சதவீதத்தையே ஏற்றினார்கள். 2016 விதியில் அந்தத் தினசரித் தேவையின் அளவே மாறிவிட்டது: கால்சியம் 1,000 மில்லிகிராமிலிருந்து 1,300 ஆனது, பொட்டாசியம் 3,500இலிருந்து 4,700. பழைய லேபிளில் 20 சதவீதக் கால்சியம் என்றால் 200 மில்லிகிராம். அதே 20 சதவீதத்தைப் புதிய அளவில் வைத்துக் கணக்கிட்டால் 260. எழுதிய தேதி தெரிந்தால் இதைச் சரிசெய்யலாம். தேதியைத்தான் பெரும்பாலான செயலிகள் காட்டுவதில்லையே.

ஏன் திருந்துவதில்லை

இத்தனை பேர் பயன்படுத்துகிறார்களே, தவறான பதிவு தானாக அடிபட்டுப் போகாதா என்று கேட்கலாம். விக்கிப்பீடியா போன்ற, யாரும் திருத்தக்கூடிய கலைக்களஞ்சியங்களில் நடப்பது போல இங்கே நடப்பதில்லை. கலைக்களஞ்சியத்தில் ஒரு தலைப்புக்கு ஒரே கட்டுரை. தவறு தெரிந்தால் எல்லோரும் அதே இடத்தில் முட்டிக்கொள்வார்கள், ஒருவர் திருத்தினால் எல்லோருக்கும் திருந்தும். இங்கே ஒரு முட்டைக்கு நூறு பதிவு. தவறைக் கண்டவர் திருத்த மாட்டார், அடுத்த பதிவுக்குப் போவார். சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கும்போது யார் படிவம் நிரப்பி முறையிடுவது?

போதாதற்கு, பலரும் தேர்ந்தெடுத்த பதிவை மேலே காட்டுவது தேடல் பட்டியல்களின் வழக்கம். மேலே இருப்பதால் இன்னும் பலர் அதையே தொடுவார்கள். பலர் தொட்டதால் அது மேலேயே இருக்கும். இதற்குள் மனித ஆசையும் சேர்ந்துகொள்கிறது. ஒரே கேக் துண்டுக்கு 240, 310, 420 என்று மூன்று பதிவு இருந்தால், எடை குறைக்க நினைப்பவரின் விரல் எந்தப் பக்கம் போகும்? அவர் பொய் சொல்லவில்லை, நமக்கு வாய்த்தது சின்னத் துண்டுதான் என்று உண்மையாகவே நம்பிவிடுவார். ஆக, குறைவான எண்ணுக்கு ஓட்டு கொஞ்சம் அதிகமாகவே விழும்.

சில பதிவுகள் பொதுவுக்காக எழுதியவையே அல்ல. உடற்பயிற்சிக்காரர் ஒருவர் புரதத்தை மட்டும் எண்ணுகிறார். புரதம் 24 என்று போட்டுவிட்டு மற்றதையெல்லாம் சுழியமாக விடுகிறார். அவருக்கு அது போதும். இன்னொருவர் தன் வீட்டுச் சூப்பை ‘காய்கறி சூப், ஒரு கிண்ணம், 90’ என்று சேமிக்கிறார். அவர் கிண்ணம் அவருக்குத் தெரியும். இரண்டும் பொதுப் பட்டியலில் கலந்துவிட்டால் அடுத்தவர் தலையில் விழுகிறது. நாட்டுக்கு நாடு கலவை மாறும் பொருளில் இன்னொரு கூத்து: ஒருவர் தன் பாக்கெட்டைப் பார்த்துத் திருத்துவார், வேறு நாட்டில் இருப்பவர் தன் பாக்கெட்டைப் பார்த்துத் திரும்ப மாற்றுவார். இருவருமே சரி.

பச்சை டிக், ‘சரிபார்த்தது’ என்ற முத்திரை எல்லாம் இருக்கின்றனவே? அந்த முத்திரைக்குச் செயலிக்குச் செயலி பொருள் மாறும். ஆய்வகத்தில் அளந்தார்கள் என்று மட்டும் அதற்கு அர்த்தம் கிடையாது. ஏன், ஃபுட்டேட்டா சென்ட்ரலிலேயே பிராண்டு உணவுகளின் பிரிவில் இருப்பவை நிறுவனங்கள் கொடுத்த லேபிள் எண்கள்தான். அரசுத் தளத்தின் பெயரைக் கண்டவுடன் எல்லாமே சோதனைக் குழாயிலிருந்து வந்ததாக நினைக்க வேண்டாம்.

கூட்டிப் பார்த்தால் தெரிவது

பதிவு ஒன்று உருப்படியானதா என்று பார்க்க எல்லோரும் சொல்லும் வழி அட்வாட்டர் கணக்கு. புரதத்தையும் மாவுச்சத்தையும் நாலால் பெருக்கி, கொழுப்பை ஒன்பதால் பெருக்கி, கூட்டி, கலோரியோடு ஒப்பிடுவது. தோல் நீக்கி வாட்டிய கோழி நெஞ்சுக்கறி 100 கிராமுக்கு 165 கலோரி, புரதம் 31, கொழுப்பு 3.6. கூட்டினால் சுமார் 156 வருகிறது. 9 எங்கே போயிற்று? பிழை இல்லை. அமெரிக்க அட்டவணை இறைச்சிப் புரதத்துக்கு 4 என்ற முழு எண்ணை வைக்காமல் 4.27 என்றும், கொழுப்புக்கு 9.02 என்றும் எடுக்கிறது. அப்படிப் பார்த்தால் 165 சரியாக வந்துவிடும். ஆகவே ஐந்தாறு சதவீத வித்தியாசத்துக்காகப் பதிவைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. பாதிக்குப் பாதி இடித்தால் தள்ளிவிடலாம்.

ஆனால் முதலில் பார்த்த அரிசிப் பிழையை இந்தக் கணக்கு பிடிக்காது. வேகாத அரிசி: புரதம் 7.1, மாவுச்சத்து 80, கொழுப்பு 0.7. கூட்டினால் 355, பதிவில் 365. பாஸ். வெந்த சோறு: 2.7, 28.2, 0.3. கூட்டினால் 126, பதிவில் 130. இதுவும் பாஸ். இரண்டும் தம்மளவில் ஒழுங்கான எண்கள். எந்தப் பெயரின் கீழ் இருக்கின்றன என்பதுதான் சிக்கல்.

இதைப் பிடிக்க வேறொரு கூட்டல் இருக்கிறது, பலரும் செய்வதில்லை. 100 கிராம் உணவில் புரதம், மாவுச்சத்து, கொழுப்பு மூன்றின் கிராமையும் பெருக்காமல் அப்படியே கூட்டுங்கள். நூறுக்கு மிச்சம் இருப்பது ஏறக்குறைய தண்ணீர். அந்த 365 பதிவில் மூன்றும் சேர்ந்து 88 கிராம், ஆக 12 கிராம்தான் தண்ணீர். வெந்து மலர்ந்த சோற்றில் 12 சதவீதம் தண்ணீர் எப்படி இருக்கும்? அது காய்ந்த அரிசி. மற்றதில் 31 கிராம், தண்ணீர் 69. அதுதான் சோறு. கோழிக்கும் இது உதவும்: பச்சைக்கறியில் முக்கால் பங்கு தண்ணீர், வாட்டியதில் மூன்றில் இரண்டு பங்கு. பருப்பு, பாஸ்தா, ஓட்ஸ் என்று வேகும்போது ஊறுகிற எதற்கும் இந்தச் சோதனை செல்லும். கூட்டல் நூறைத் தாண்டினால் கேள்வியே இல்லை, பதிவு குப்பை.

பதிவின் பிறப்பிடத்தை ஊகிக்க இன்னொரு குறிப்பும் உண்டு. மக்னீசியம், துத்தநாகம், ஃபோலேட் வரை தசமப் புள்ளியோடு நிரம்பியிருந்தால் அது அட்டவணையிலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். யாரும் வீட்டில் உட்கார்ந்து துத்தநாகத்தை ஏற்ற மாட்டார்கள்.

அளவுச் சொற்களை மட்டும் எந்தக் கூட்டலும் காப்பாற்றாது. ஒரு கப் என்பது சில இடங்களில் 240 மில்லி, சில இடங்களில் 250. மேசைக்கரண்டி பல நாடுகளில் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20. எண்ணெய்க்கு இந்த வித்தியாசமே 40 கலோரி. ‘நடுத்தர அளவு’ என்பது எழுதியவரின் கண்ணில் இருக்கிறது. கிராமில் இல்லாத பதிவைத் தொடாமல் இருப்பதே மேல்.

எவ்வளவு தூரம் கவலைப்படலாம்

இவ்வளவையும் சொன்ன பிறகு, செயலியே வீண் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். பெல்ஜியத்தில் நடந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வு, மைஃபிட்னஸ்பால் காட்டிய எண்களை அந்நாட்டு உணவு அட்டவணையோடு ஒப்பிட்டது. ஆற்றல், புரதம், மாவுச்சத்து, கொழுப்பு, நார்ச்சத்து நன்றாகவே ஒத்துப்போயின. கொலஸ்ட்ராலும் சோடியமும் சொதப்பின. முன்னால் சொன்ன காலிக் கட்டங்களை நினைத்தால் இதில் ஆச்சரியமில்லை.

‘சரியான’ எண்களும் அவ்வளவு துல்லியம் இல்லை. பாதாம்பருப்பை மனிதர்களுக்கு உண்ணக் கொடுத்து உடல் உண்மையில் எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்று 2012இல் அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் அளந்தபோது, 28 கிராமுக்கு 129 கலோரிதான் வந்தது. அட்வாட்டர் கணக்கோ 170ஐ ஒட்டிச் சொல்கிறது. மெல்லாமல் தப்பிய செல்களுக்குள் கொழுப்பு பூட்டிக்கிடந்து அப்படியே வெளியேறிவிடுகிறது. அமெரிக்க லேபிள் விதி, கலோரி அச்சிட்டதைவிட 20 சதவீதம் வரை கூடுவதைப் பொறுத்துக்கொள்கிறது. 2011இல் வெளியான ஆய்வு ஒன்று 42 அமெரிக்க உணவகங்களின் 269 உணவுகளைச் சோதித்தது. சராசரி சரியாகத்தான் இருந்தது, ஆனால் 19 சதவீத உணவுகளில் சொன்னதைவிட 100 கலோரியோ அதற்கு மேலோ கூடுதலாக இருந்தது.

அப்புறம், நாமே இருக்கிறோம். எவ்வளவு முயன்றும் இளைக்கவில்லை என்று சொன்னவர்களின் உண்மையான உணவை 1992இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வு ஒன்று வேறு வழியில் அளந்தது. அவர்கள் எழுதிக் கொடுத்த கணக்கு சராசரியாக 47 சதவீதம் குறைவாக இருந்தது. அப்போது செயலியும் இல்லை, அடுத்தவர் போட்ட தவறான பதிவும் இல்லை. ஏற்றாமல் விட்ட கைப்பிடிக் கடலைக்கு எந்தத் தரவுத்தளத்தைக் குறை சொல்வது?

எடைக்காகக் கணக்குப் போடுகிறவருக்கு என் எண்ணம் இது: பிழை இருந்தாலும் அது மாறாமல் இருந்தால் பரவாயில்லை. தினமும் அதே ரொட்டி, அதே தவறான பதிவு என்றால், சில வாரங்களில் எடை பார்க்கும் இயந்திரம் உண்மையைச் சொல்லிவிடும். இலக்கை அதற்கேற்ப நூறு கலோரி இறக்கிக்கொள்ளலாம். இன்று ஒரு பதிவு, நாளை வேறொரு பதிவு என்று மாற்றி மாற்றித் தொடும்போதுதான் ஒன்றும் புரியாமல் போகும். நம்மில் பலர் திரும்பத் திரும்பச் சாப்பிடுவது இருபது முப்பது பொருள்கள்தான். அவற்றை மட்டும் ஒருமுறை லேபிளோடோ அரசு அட்டவணையோடோ ஒப்பிட்டு, தனிப் பதிவாகச் சேமித்துவிட்டால் கோடிப் பதிவுகளின் குப்பை நம்மைத் தொடாது.

இன்சுலின் போடுகிறவருக்கு இந்தச் சமாதானம் செல்லாது. அவருக்கு வாரச் சராசரி என்பதே கிடையாது, ஒவ்வொரு வேளையும் தனிக்கணக்கு. 10 கிராம் மாவுச்சத்துக்கு ஒரு யூனிட் என்ற விகிதத்தில் போடுகிறவர் 100 கிராம் சோற்றுக்கு வேகாத அரிசிப் பதிவை நம்பினால், 28 கிராமுக்குப் போட வேண்டியதை 80 கிராமுக்குப் போடுவார். மூன்று யூனிட் எங்கே, எட்டு எங்கே! அனுபவசாலி உடனே சந்தேகப்படுவார். நோய் கண்டு கொஞ்ச நாளே ஆனவருக்கு அந்தச் சந்தேகம் வர எந்தக் காரணமும் இல்லை. சிறுநீரக நோய், புரதத்தின் ஒரு கூறையே எண்ண வேண்டிய ஃபீனைல்கீட்டோனூரியா போன்றவற்றுக்கும் இதே நிலைதான். இவர்கள் பயனர் பதிவைத் தொடவே கூடாது என்பேன்; மருத்துவரோ உணவியல் வல்லுநரோ காட்டும் அட்டவணைதான் இவர்களுக்குக் கதி.

படம் எடுத்தாலே கலோரி சொல்லும் புதிய வசதி இதையெல்லாம் தீர்க்குமா? படத்தில் எண்ணெய் தெரியாது. ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி, காய்க்குள் ஊறிப்போனால் கண்ணுக்கே தட்டாது. தட்டில் இருப்பது சோறு என்று கண்டுபிடித்த பிறகும் செயலி ஏதோ ஓர் எண்ணைத்தான் எடுக்க வேண்டும். அது இதே பட்டியலிலிருந்து வந்தால் இதே பிழைதான், கூடவே தேர்வு செய்யும் வாய்ப்பும் நம் கையை விட்டுப் போகிறது.

பயனர் எழுதுவதே பிழை இல்லை

2012இல் பிரான்ஸில் ஸ்டெஃபான் ஜிகாண்டே தொடங்கிய ஓப்பன் ஃபுட் ஃபேக்ட்ஸும் முழுக்கப் பொதுமக்கள் கட்டிய பட்டியல்தான். அங்கும் தவறு உண்டு, காலிக் கட்டம் உண்டு. ஆனால் பதிவோடு பாக்கெட்டின் படமும் இருக்கும், எந்த நாட்டில் விற்பது, யார் எப்போது மாற்றினார்கள் என்ற வரலாறும் இருக்கும். சந்தேகம் வந்தால் படத்தைப் பெரிதாக்கி லேபிளை நீங்களே படித்துக்கொள்ளலாம். க்ரோனோமீட்டர் என்ற செயலி வேறு வழியில் போகிறது: அடிப்படை உணவுகளுக்கு ஆய்வக அட்டவணைகள், பயனர் அனுப்பும் பாக்கெட் விவரத்தை ஊழியர்கள் பார்த்த பிறகே பொதுவில் சேர்ப்பது. அதனால் அதன் பட்டியல் சிறியது. பிஸ்கட் கிடைக்கவில்லை என்று அங்கே புலம்புவார்கள்.

மற்றவர்களும் இதைச் செய்யத் தொழில்நுட்பம் ஒன்றும் தடையில்லை. வேகாததா வெந்ததா என்று ஒரு கட்டாயக் கேள்வி, லேபிளின் நாடு, எழுதிய தேதி, தெரியாத கட்டத்தில் சுழியத்துக்குப் பதில் ஒரு கோடு. இவ்வளவுதான். தடை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு முட்டைக்கு ஒரே பதிவு என்று சுத்தம் செய்தால், விளம்பரத்தில் போடும் ‘கோடிக்கு மேல் உணவுகள்’ என்ற எண் சரியும். பழைய பதிவை அழித்தால், அதை ஆறு வருடமாகத் தினமும் தொட்டுவந்தவரின் நாட்குறிப்பில் ஓட்டை விழும். புதுப்பித்தால் அவரது சென்ற வருடக் கணக்கு ஓர் இரவில் மாறியிருக்கும். அந்த வாடிக்கையாளரின் கோபக் கடிதம் மறுநாளே வந்துவிடும். பொட்டாசியம் சுழியமாக இருந்ததைக் கவனிக்காதவரிடமிருந்து கடிதம் எதுவும் வருவதில்லை.